இருபத்தைந்து ஆண்டு மண்

காலை 8.12. ஓர்லிகோன் ரயில் நிலையம். சுவிட்சர்லாந்து வரை வந்தவன் பனிமலை பார்க்காமல் இடுகாடு பார்க்கப் போகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் தங்கியிருந்தது தயாளினி வீட்டில். மட்டக்களப்புக்காரர். முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது அவர் வேலை. அவர்களில் ஒருவர் நாடுகடத்தப்பட்ட பாலஸ்தீனத் தலைவர் என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் சென்னையில் பேசியபோது, கடைசி வரிசையில் நின்று கை வலிக்கத் தட்டியவன் நான்.

ரயிலில் ஐம்பது நிமிடம். நிலையத்தில் ஒரு காபி ஐந்து பிராங்க் இருபது. வாயில் வைக்க முடியவில்லை.

9.20. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. எண்பத்திரண்டு வயதில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை சுடப்பட்டவரின் ஜாக்கிரதை அது. மனைவியைப் பெய்ரூட்டில் புதைத்தார், ஒரே மகனைத் துனிஸில். தன்னையாவது பிறந்த கிராமத்தில் புதைக்க அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதினார். முதல் கடிதத்துக்கு மறுப்பு வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. செத்த உடம்புக்குக்கூடப் பயப்படும் அரசு என்ன அரசு?

அவருக்கு இங்கேயே ஓர் இடம் பதிந்துவைக்க மூவரும் இடுகாட்டுக்குக் கிளம்பினோம். டாக்சியில் நான்கு கிலோமீட்டர். தயாளினி என் பக்கம் திரும்பினார்.

"மாமா இங்கதான் செத்தவர், அண்ணை. எரிச்சுப்போட்டு, சாம்பலைப் பைக்குள்ள வச்சுப் பிளேன்ல ஊருக்குக் கொண்டு போய்க் கல்லடிக் கடல்ல கரைச்சனாங்கள்."

அதைத் தலைவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்கள் ஊர் சாம்பலையாவது உள்ளே விடுகிறது," என்றார்.

10.30. இடுகாட்டு அலுவலகம். அதிகாரி மரியாதையான பெண். அவர் ஜெர்மனில் சொன்னதைத் தயாளினி எனக்குத் தமிழில் சொன்னார்: "இருபத்தைஞ்சு வருஷந்தானாம். பிறகு கல்லை எடுத்துப்போட்டு அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுப்பினமாம். நீட்டிக்க ஏலாதாம்."

எல்லோருக்கும் இதே விதிதானாம். இருக்கட்டும். சுவிஸ்காரரின் எலும்பு எங்கே போனாலும் அவர் நாட்டுக்குள்தானே கிடக்கும்? வாழ்நாள் முழுக்கத் துரத்தப்பட்ட மனிதரை, செத்த பிறகும் காலிசெய்யச் சொல்கிறார்கள். என் ஊரில் எனக்கு ஆறடி மண் கிடைக்குமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த அலட்சியத்தை நினைத்து அன்று வெட்கப்பட்டேன்.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்: கெடு முடிந்ததும் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

"என்ர பேரைப் போடச் சொல்லுறன், கேக்கிறாரில்லை," என்றார் தயாளினி. கண் கலங்கியிருந்தது.

தலைவர் நிதானமாக எழுதினார், முதலில் அரபியில், பிறகு ஜெர்மனில். அதிகாரி படித்துவிட்டுக் கணினியில் தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"தன்ர கிராமத்து மேயருக்கு அறிவிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார், அண்ணை. அப்பிடியொரு ஊரே இல்லையாம், இப்ப அங்க காடுதானாம்."

தலைவர் பேனாவை மூடினார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்திலேயே அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"கடிதத்தை இன்றைக்கா அனுப்பப் போகிறீர்கள்? இருபத்தைந்து ஆண்டு இருக்கிறதே, அம்மா. அதற்குள் மேயர் வந்துவிடுவார்."