எக்கோவுக்கு விட்ட இடம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற பெரியவளுக்கு வாய் சும்மா இருந்ததே கிடையாது. ஓயாமல் பேசுவாள் என்று நினைத்துவிடாதீர்கள், பேச்சு குறைவுதான். வாயாலேயே தாளம் அடிப்பாள். உதட்டில் டிரம், பல்லிடுக்கில் சிம்பல், தொண்டையில் பெயர் வைக்க முடியாத ஓர் உறுமல்.

அவளுக்கு ஜோடி, தங்கை சின்னவள். அக்கா ஓர் அடி அடித்தால் தங்கை எதிரடி அடிப்பாள். பள்ளி விழாவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வரை இருவரையும் பிடித்து மேடையேற்றிவிடுவார்கள். சின்னவள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகும் ஃபோன் வழியாக ஆட்டம் தொடர்ந்தது. ஒருநாள் ஆபீஸ் விருந்தில் அவள் ஆசையாக அடித்துக் காட்டியிருக்கிறாள். "எச்சில் தெறிக்குது, பக்கத்துல நிக்கறவங்க குடை பிடிச்சுக்கங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்திருக்கிறது. அன்றோடு சின்னவள் தாளத்தை விட்டுவிட்டாள்.

பெரியவளுக்குக் கோபம் சிரித்தவர்கள் மேல்தான் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ தங்கை மேல். வெட்கமாக இருந்தால் விடு, நான் தனியாகவே பண்ணிக்கொள்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். அதன் பிறகு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இவள் இனி என்னோடு அடிக்கவே மாட்டாளோ என்று பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அந்த நேரம் பார்த்து நடனப் பள்ளி ஆசிரியை ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். பிள்ளைகள் ஆடுவதற்கு, இரண்டு வாய்கள் பேசிக்கொள்வது போன்ற தாளம் வேண்டும் என்றார். பெரியவள் வீராப்பாகத் தலையாட்டிவிட்டு, ஒரு மைக்கையும் அதைச் செருகுகிற சின்னப் பெட்டியையும் வாங்கி வந்தாள்.

வீடு இரண்டுபட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் வரக் கூடாது என்று துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தாள். 'ப்' என்று ஊதினால் மைக் இரைந்தது; பழைய காலுறை ஒன்றை அதற்கு மாட்டினாள். கணினியில் குரலைக் கீழே இறக்கினால் உதட்டுச் சத்தம் பெரிய டிரம்மாகியது. 'ச்' என்பதைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கணவர் தன் சட்டையை எடுக்கவே அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பது நீதானே என்று ஒரு தடவை சந்தேகமாக விசாரித்தார்.

பெட்டியிலிருந்த எக்கோ திருகுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓர் அடி அடித்தால் அதே அடி சற்றுத் தாமதமாகக் காதில் திரும்பி வந்தது. அட, தங்கையின் வேலையை இது செய்கிறதே! எக்கோ வருவதற்கு இடம் விட்டு விட்டு அடித்தாள். ஹெட்போனுக்குள் இரண்டு வாய்கள் ஒன்றையொன்று துரத்தின. ஒரே மூச்சில் முடித்தவள், மறுபடி கேட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அதை முதலில் தங்கைக்குத்தான் அனுப்பினாள். 'நீ இல்லாமலே முடிச்சுட்டேன்' என்று எழுத ஆசை. கை வரவில்லை. அப்படியே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் கணவர் கேட்டாரே என்று போட்டுக் காட்டினாள். ஓர் அடி, அப்புறம் வெற்றிடம். மறுபடி ஓர் அடி, மறுபடி வெற்றிடம். பல்லுப் போன சீப்பு மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அந்தத் திருகின் எக்கோ காதுக்கு மட்டும்தான், பதிவில் ஏறாது. வீராப்புக் காட்டுவதாக நினைத்து ஓட்டைத் தாளத்தை அனுப்பித் தொலைத்திருக்கிறாள். மானம் போயிற்று.

அழித்துவிடலாம் என்று ஃபோனை எடுத்தால், தங்கையிடமிருந்து ஓர் ஒலித்துண்டு வந்து கிடந்தது. பயந்துகொண்டே அமுக்கினாள். அவள் அடித்த அதே தாளம்தான், ஆனால் ஓட்டை ஒன்றுகூட இல்லை. விட்ட இடத்திலெல்லாம் சின்னவள் இருந்தாள். எக்கோ போல அதே அடியைத் திருப்பித் தராமல், குறும்பாக எதிர்த்து எதிர்த்து அடித்திருந்தாள். பெரிய கூடத்தில் கேட்பது போல முழக்கம் வேறு. பெரியவள் உடனே தங்கையைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இடம் விட்டு அனுப்பியிருந்தியே. கேட்டதும் என்னால சும்மா இருக்க முடியலக்கா."

ஆமாம் என்று சொல்லிவிடப் பெரியவளுக்கு ஆசைதான். ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. திருகின் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மறுமுனையில் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பெரியவளுக்குக் கண் கலங்கியது. அது குரலில் தெரிந்துவிடுமே என்று வேலைப் பேச்சுக்குத் தாவினாள்.

"அது கிடக்கட்டும். அந்த முழக்கம் ரொம்ப நல்லா இருக்கேடி. என்ன எஃபெக்ட் போட்ட?"

"எஃபெக்ட் எதுவும் இல்லக்கா. ஆபீஸ் மாடிப்படியில நின்னு அடிச்சேன்."

"பகல்லயா? அங்க ஆளுங்க இருந்திருப்பாங்களேடி."

"இருந்தாங்க" என்றாள் சின்னவள். "இருந்துட்டுப் போறாங்க."