டாப் லிங்க்கில் போன விரல்கள்

பொன்னழகுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கும் அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், வடமதுரைக்கு மேற்கே முத்துச்சாமியின் தோட்டத்தில் போயின.

அந்தத் தோட்டத்து டிராக்டரை ஓட்டியவன் அவள் புருஷன் ஒச்சப்பன். கலப்பை மாட்டும்போது கூட ஓர் ஆள் வேண்டும். அங்கேயே களையெடுக்க வரும் பொன்னழகைக் கூப்பிட்டுக்கொள்வான். கலப்பையின் தலையை டிராக்டரோடு பிணைக்கிற மேல் கம்பிக்கு டாப் லிங்க் என்று பேர். நடுவில் உள்ள குழாயைத் திருகினால் கம்பி நீளும், குறுகும். கம்பியின் முனை கலப்பையில் உள்ள துளைக்கு நேராக வந்ததும் ஆணியைச் செருக வேண்டியதுதான். ஆனால் மழையில் கிடந்து அந்தக் குழாய் துருவேறி இறுகிப்போயிருந்தது. திருகித் திருகிச் சலித்த ஒச்சப்பன், வண்டியையே பின்னால் நகர்த்தித் துளையை நேராக்கப் பழகிவிட்டான். பொன்னழகு வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நின்று கம்பியைப் பிடித்திருப்பாள். "வா" என்பாள், வண்டி நகரும். "நில்லு" என்பாள், நிற்கும்.

அன்றைக்கு ஈரம் காய்வதற்குள் உழுதுவிடச் சொல்லி முத்துச்சாமி வரப்பில் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். பொன்னழகு துளையில் அடைத்திருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. வண்டி வந்துவிட்டது. கம்பியின் முனை கலப்பையில் மோதி, நடுவில் இருந்த விரல்களை நசுக்கிவிட்டது.

ஒச்சப்பன்தான் வேட்டியைக் கிழித்துக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, "அவசரப்பட்டுக் கைய விட்டுட்டாய்யா" என்றான். பொன்னழகுக்கு நினைவு இருந்தது. காதில் விழுந்தது. வலியில் பேச ஏலவில்லை.

வீடு திரும்பிய அன்று அவளாகவே உலை வைத்தாள். இடது கையால் சோறு போட வேண்டியிருந்தது. கரண்டியோடு செத்த நேரம் தயங்கி நின்றாள். அவன் தட்டை நீட்டினான்; தலை நிமிராமல் தின்றான். ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் கை கழுவிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டான்.

முத்துச்சாமி மதுரையிலிருந்து புது டாப் லிங்க் வரவழைத்தார். பொன்னழகைக் களையெடுப்புக்கு அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஆடு மேய்த்தாள். கேட்டவர்களிடமெல்லாம் ஒச்சப்பன் ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சில வருஷம் கழித்து, மகள் கருப்பம்மாளுக்குப் பரிசம் போட வந்த அன்று மாப்பிள்ளையின் தாய், "கைக்கு என்னாச்சு மதினி?" என்று கேட்டாள்.

ஒச்சப்பன் முந்திக்கொண்டான். "அவசரக்காரி. வண்டி நிக்கிறதுக்குள்ள கைய விட்டுட்டா."

பொன்னழகு வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் வான்னு சொன்னாத்தான் வண்டி வரணும். நான் சொல்லல."

குரல் ஏறவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். பரிசம் நின்றுவிடுமோ என்று கருப்பம்மாள் அழுதாள். நிற்கவில்லை.

பொழுது சாயத் திரும்பி வந்தான்.

"ஆமா, நீ சொல்லல" என்றான்.

"அத ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கணும்" என்றாள் பொன்னழகு. அவனுக்குச் சோறும் வெஞ்சனமும் எடுத்து வைத்துவிட்டு, ஆடுகளைக் கட்டப் போனாள்.

அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவன் அந்தப் பழைய கதையை யாரிடமும் சொல்லவில்லை. நடந்ததையும் சொல்லவில்லை.