ஓசிப் படமும் மாமியின் கைமுறுக்கும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் இதையும் எவனாவது பெயரை வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். ஆனால் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் துப்ப வேண்டும் போல் வருகிறது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை நடுரோட்டில் துப்பினால் யார் மேலாவது படும். அதனால் இங்கே.

கடை என்றால் ஒரு ப்ரௌசிங் சென்டர். ப்ரீடிகிரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்த என்னை அதன் முதலாளி வேலைக்கு வைத்துக்கொண்டார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. எல்லாரும் அவரைச் சேட்டன் என்போம். கீபோர்டில் எவனெவனோ தின்ற பழம்பொரியின் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இங்கிலீஷ் பட்டன் அளவுக்குத்தான் தெரியும். ஓகே, கேன்சல், ஃப்ரீ.

ஊரில் எல்லாருக்கும் வெப்சைட் வேண்டும் என்று ஒரு காய்ச்சல் வந்த சமயம். சேட்டனும் செய்து கொடுக்க ஆரம்பித்தார். படத்துக்கு அவர் வழி சுலபமானது. நெட்டில் தேடு, இறக்கு, அடியில் யார் பெயராவது எழுதியிருந்தால் அந்தப் பட்டையை வெட்டு. அதனால் எங்கள் கடை வெப்சைட்டுகளில் ஒருவருக்கும் கால் கிடையாது. படகு இருக்கும், தண்ணீர் இருக்காது. ஒரு வைத்தியசாலைக்கு அவர் போட்ட டாக்டர் முழங்காலோடு நின்றுபோயிருந்தார். முதலில் இவருக்குத்தான் எண்ணெய் போட்டு உழிய வேண்டும் சேட்டா என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் பட்சணம் செய்து விற்கும் ஒரு மாமி எங்களிடம் வந்தாள். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், எல்லாம் அவள் சுற்றும் கைமுறுக்கில் ஓடுகிறது. ஒரு கல்யாணத்துக்குச் சீர் பட்சணம் முழுக்க அவளுக்கே கிடைக்கும்போல் இருந்தது. பெண் வீடு திருவனந்தபுரம், பிள்ளை வீடு அமெரிக்கா. பிள்ளையின் அத்தை அங்கிருந்தபடியே மாமியின் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வாளாம். அந்த ஒரு ஆர்டர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள், பெண்களின் படிப்பு தடைபடாது என்று மாமி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

படம் தேடும் வேலை எனக்கு. மாமி வீட்டிலேயே போய் எடுக்கலாமே என்று கேட்டேன். நாட்டு முறுக்கு கறுப்பாக இருக்கும், ஸ்க்ரீனில் எடுபடாது என்று சேட்டன் சொல்லிவிட்டார். சரி, திருடாமல் ஓசியில் கிடைக்கிற படம் உலகத்தில் உண்டா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு குப்பைமேட்டை நான் அதுவரை கிளறியதில்லை. ஃப்ரீ என்று பச்சையில் எழுதியிருக்கும். அமுக்கினால் வெள்ளைக்காரி ஒருத்தி துணியில்லாமல் குதித்து வருவாள். பக்கத்து கேபினில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த குடும்பம் எட்டிப் பார்க்கும். இன்னொன்றில் படம் ஃப்ரீதான், ஆனால் கார்டு நம்பர் கொடு என்பான். மற்றொன்றில் படத்தின் குறுக்கே மீன்வலை போட்ட மாதிரி அவன் கம்பெனிப் பெயர். ஒழுங்காக ஓசியில் கிடைத்ததெல்லாம் கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்குவது, காரணமில்லாமல் சிரிப்பது, ஆப்பிளைக் கடிப்பது. முறுக்கு கடிக்கிறவன் ஒருவன் இல்லை.

கடைசியில் ஒரு இடம் அகப்பட்டது. சாதாரண ஆட்கள் தாங்கள் எடுத்த படத்தைப் போட்டுவைக்கிற தளம். சில படங்களின் கீழே, எடுத்துக்கொள், என் பெயரை மட்டும் போடு என்கிற மாதிரி ஒரு அனுமதி இருந்தது. டிக்‌ஷனரி வைத்துப் படித்துப் புரிந்துகொண்டேன். இவ்வளவு மரியாதையாக ஒருவன் கொடுக்கிறானே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அங்கேயும் முறுக்கு ஒன்றே ஒன்றுதான். ரயிலில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் எடுத்தது. அழுக்கு நகம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமிக்கு அதைக் காட்டினால் என் நகத்தைப் பிடுங்கிவிடுவாள்.

மறுநாள் எனக்கு லீவு. கூட்டாளியோடு கல்லாற்றுக்குக் குளிக்கப் போய்விட்டேன். அவன் களியக்காவிளைக்காரன், கல்யாண ஸ்டுடியோ ஒன்றில் லைட் பிடிக்க ஆரம்பித்து, அப்போது கேமராவும் பிடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பாறைமேல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் சேட்டன் யாரோ ஒரு அம்மாளின் சமையல் பக்கத்திலிருந்து ஒரு தாம்பாளம் நிறையக் கைமுறுக்கை எடுத்து, வழக்கம்போல அடியை வெட்டி, மாமியின் வெப்சைட்டில் மேலேயே போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மாமி கடைக்குள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். தாம்பாளத்தின் விளிம்பில் விரலை வைத்தாள்.

"இது யாராத்துத் தாம்பாளம்டா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே மெஷின் வைத்துப் பெயர் வெட்டித்தானே கொண்டுவருவார்கள். அந்தத் தாம்பாளத்திலும் புள்ளி புள்ளியாக, தமிழில், யாரோ ஒரு அம்மாளின் பெயர் அழகாக வெட்டியிருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத சேட்டனுக்கு அது பூவேலை. கீழே இருந்த பெயரை வெட்டியவர், தட்டில் இருந்த பெயரைக் கொண்டுபோய் மாமியின் வாசலில் மாட்டிவிட்டார்.

அமெரிக்க அத்தைக்கு அது பூவேலையாகத் தெரியவில்லை. அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவின் தாம்பாளமாம் அது, மதராஸில் இருக்கிறாளாம். ஊரார் பட்சணத்தைத் தன்னது என்று காட்டுகிறவளிடம் சீர் வாங்க வேண்டாம் என்று பெண் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

சேட்டன் மெதுவாக ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். வெறும் படம்தானே மாமி, ஒரு மாதிரிக்குத்தான், நாங்கள் என்ன முறுக்கையா திருடினோம் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, அந்த எழுத்தை மட்டும் தேய்த்துவிடு, அஞ்சு நிமிஷ வேலை என்றார்.  

மாமி என்னைத்தான் பார்த்தாள். "எழுத்தைத் தேய்ச்சுடுவே. அந்த முறுக்கைச் சுத்தினவளை எங்கடா தேய்ப்பே?"

அன்று சாயங்காலமே அவள் அந்த மதராஸ் அம்மாளின் நம்பரைப் பிடித்துப் பேசினாள். அந்த அம்மாள் சண்டை பிடிக்கவில்லையாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, கீழே என் பெயரைப் போட்டால் போதுமே என்றாளாம். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கேட்டால் கொடுக்கிறவளிடம் திருடியிருக்கிறோம். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் கூட்டாளியை ஸ்டுடியோ கேமராவோடு இழுத்துக்கொண்டு ஸ்ரீவராகம் போனேன். அடுப்படிக்குள் விடமாட்டேன் என்று மாமி கொல்லையில் வெயில் விழும் இடத்தில் வெள்ளைத் துணியை விரித்து உட்கார்ந்தாள். மூஞ்சியை எடுக்கக் கூடாது என்று கண்டிஷன். உங்க மூஞ்சிக்கு யாரு ஃபிலிம் செலவழிப்பா மாமி என்றேன். ஒட்டின மாவோடு என் தலையில் ஒன்று விழுந்தது. கூட்டாளி துணிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் கையை மட்டும் எடுத்தான். எண்ணெய் தெறித்த தழும்பு, தேய்ந்த வளையல், இரண்டு விரலுக்கு நடுவில் மாவு முறுக்கிக்கொண்டு வட்டமாக இறங்குவது. முறுக்கு கொஞ்சம் கறுப்புதான். அதனாலென்ன.

ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் பண்ணிக் கொண்டுபோன அந்தப் படத்தைப் பார்த்துச் சேட்டன் முகத்தைச் சுளித்தார். வெந்த கையைப் பார்த்தால் எவன் தின்பான் என்று கேட்டார். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் பழைய படத்தைத் தூக்கிவிட்டு இதை ஏற்றினேன். கீழே எடுத்தவன் பெயரையும் போட்டேன். திரும்பி வந்தவரிடம் நானே சொல்லிவிட்டு, என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாளைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் நான் பாதி தெரு தாண்டியிருந்தேன்.

அத்தை படத்தைப் பார்த்தாள். மதராஸ் அக்காவும் அவளிடம் பேசியிருக்க வேண்டும். உடனே சரி சொல்லிவிடவில்லை. ஊருக்கு வந்ததும் நேரே மாமி வீட்டுக்குப் போய், ஒரு ஈடு முறுக்கு சுற்றி வேகும்வரை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றைக் கடித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தாள். கல்யாணத்தில் அந்தச் சீரைப் பார்த்த இரண்டு மூன்று வீட்டுக்காரர்களும் அப்புறம் மாமியைத் தேடி வந்தார்கள்.

அந்தக் கைப் படத்தை நான் கூட்டாளியிடம் கேட்டு, மாமியிடமும் கேட்டு, அந்த நல்ல தளத்தில் போட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவன் பெயரை மட்டும் போடுங்கள் என்று எழுதினேன். முறுக்கு தேடுகிற இன்னொருவனுக்காவது அழுக்கு நகம் வாய்க்காமல் இருக்கட்டும் என்று.

முதலில் எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள். சேட்டன்தான். ஏதோ ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் வெப்சைட்டில் மாமியின் கை. ஒரு வரி பெயர் போடுவதற்குக்கூட அந்த மனுஷனுக்கு விரல் வளையவில்லை. ஊறுகாய் போடுகிற எவள் மாவு சுற்றுவாள் என்றுகூட யோசிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட்டாளி வேலை செய்யும் ஸ்டுடியோவுக்குப் போய், வா, போய் அந்த ஆளை நாலு பேர் முன்னால் கேட்போம், உன் படத்தை அந்த நாறிப்பயல் தின்றுவிட்டான் என்று கத்தினேன். அவன் யாரோ ஒரு மாப்பிள்ளையின் ஆல்பத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"கொண்டு போட்டும்லே மக்கா, முறுக்கு சுத்துற கை மாமிகிட்டதானே இருக்கு."