பல் வலி என்று சொல்லிப் போன ருக்சாந்தா

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ருக்சாந்தா கோயிலுக்குக் கட்டிய கறுப்பு முக்காட்டை அவிழ்ப்பாள். ஈரச் சீப்பால் முடியைப் படிய வாரி, சிவப்புப் பூப்போட்ட முக்காட்டைக் கட்டி, முடிச்சை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்துவாள். பிறகுதான் போனை எடுப்பாள். குரல் மட்டும் கேட்கிற பழைய போன். இத்தாலியில், டுரினில் கட்டட வேலை செய்து மகள் படிப்புக்குப் பணம் அனுப்பும் அவள் கணவன் தோதெருக்கு அந்த முடிச்சு தெரியப்போவதில்லை. அவள் முற்றம் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

நான் ஊர் மருத்துவ நிலையத்தில் பதிவேடு எழுதுகிறவன். மே மாதம், உடலுறவில் தொற்றிக் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வண்டி வந்தது. புருஷன் கூடவே இருக்கிறவளுக்குத்தான் அந்தச் சோதனை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. விதவைகளும், கணவன் இத்தாலியில் இருப்பவர்களும் வண்டிப் பக்கம் போனால், "உனக்கெதுக்கு?" என்று ஊர் கேட்கும்.

"அடுப்பு மூட்டாத வீட்டுல புகைபோக்கி எதுக்குடி துடைக்கிறது?" என்று ருக்சாந்தாவும் சிரித்தாள்.

எங்கள் நிலையத்து நர்ஸ் சாஃப்தா விடவில்லை. "வாயாடி, ரத்த அழுத்தம் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு ஏறு. பாதி ஊரு அப்படித்தான் ஏறுச்சு."

ஏறினாள். ஜூலையில் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது, யாஷ் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"வேற யார் பேரையோ மாத்தி எழுதிட்டீங்க," என்று நிலையத்துக்கு வந்து கத்தினாள் ருக்சாந்தா. "அவரு வந்து மூணு வருஷமாச்சு. ஒரு ஆம்பள நிழல் என் மேல பட்டதில்ல!"

"பட்டுச்சுன்னு யாருடி சொன்னா? அது பத்து வருஷம்கூட சத்தமில்லாம உள்ள கெடக்கும்."

ருக்சாந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ, அவரு இங்க இருந்தப்போ வந்ததா?" தோதெர் மறந்து வைத்துவிட்டுப் போன ஏதோ பொருளை விசாரிப்பதுபோல அவள் குரல் இறங்கியது.

"இருக்கலாம். இப்பவே பாத்தா புற்றாகாம எடுத்துடலாம்."

"கிறிஸ்துமஸுக்கு அவரு வரட்டும். சேர்ந்து போறோம்."

"அதுவரைக்கும் காத்திருக்கேன்னு அது எழுதிக் குடுத்துச்சா?"

நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "அக்கா, போன வருஷமும் கிறிஸ்துமஸுக்கு வர்றாருன்னுதான் சொன்னீங்க."

இருவரும் திரும்பினார்கள். "ஊமைன்னுல்ல நெனச்சேன்," என்றாள் ருக்சாந்தா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, வழிக்கு அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு யாஷுக்கு மினிபஸ் ஏறினாள். கேட்டவர்களிடம் பல் வலி என்றாள். "பல்லு புடுங்கப் போறவளுக்கு அவிச்ச முட்டை எதுக்கு?" என்று டிரைவர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. அன்று சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து அழைத்து, கெடத் தொடங்கியிருந்த பகுதியை அகற்றினார்கள். புற்று ஆகியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தோதெரிடம் பிளம் மரம் இந்த வருஷம் கிளையை முறிக்கிற அளவு காய்த்திருப்பதை மட்டும் சொன்னாள். தன்னைச் சந்தேகப்படுவானோ என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வசந்தத்தில், ருக்சாந்தாவின் மறுபரிசோதனையை நினைவூட்ட யாஷ் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் எங்கள் நிலையத்துக்குப் போன் செய்தாள். சிகிச்சையின்போது அங்கே கணவனின் எண்ணைக் கேட்டதற்கு அவள் தரவில்லையாம். "சொன்னா அன்னைக்கே பஸ் ஏறிடுவாரு. வந்துட்டா அவரைத் திருப்பி அனுப்ப என்னால முடியாது. மகள் படிப்பு பாதியில நின்னுடும்" என்றாளாம்.