கோமதி இருமிக் காட்டியது

மதியச் சாப்பாட்டில் கை வைத்தபோது சூப்பர்வைசர் வந்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். பேசியது கோமதியின் அண்ணன், சங்கரன்கோவிலிலிருந்து. லீவில் ஊருக்குப் போனவள் அன்று காலை ஆஸ்துமாவில் மூச்சடைத்து இறந்துவிட்டாளாம். "சின்னதுலேருந்தே அவளுக்கு வீசிங் உண்டும்லா. ஒங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டார். மூன்று வருஷம் ஒரே அறையில் அவள் பக்கத்தில் படுத்தவள் நான். எங்களுடையது கார் சீட்டுக்கு ஃபோம் வெட்டுகிற கம்பெனி; அந்தத் தூசியால்தான் தனக்கு இருமல் என்பாள். நானும் நம்பினேன்.

கம்பெனியில் நம் லைனில் வேலை செய்கிற பெண்களே, இருங்காட்டுக்கோட்டை அறையில் நாங்கள் வளர்த்த வெள்ளச்சியை உங்களுக்குத் தெரியும். அந்தப் பூனை ஒரு மாதமாக இருமியது. வீட்டுக்கார அம்மா, "மீன் முள்ளு மாட்டிக்கினு கீது, சோத்து உருண்டைய முழுங்க வையி" என்றார். நானும் அதன் வாயைப் பிளந்து திணித்தேன். கோமதி என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் சோறு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, முள்ளுன்னா வாய நோண்டும், எச்சி வடிக்கும். இது தரையோட பம்மிக் கழுத்த நீட்டுது பாரு. மூச்சுக்குத் தவிக்குது."

பெரிய டாக்டரம்மா வந்துட்டா என்று கேலி செய்தேன். அவள் ஒரு நோட்டு போட்டாள். எப்போது இருமல், கொசுவத்தி எரிந்ததா, சாம்பிராணி போட்டார்களா என்று எழுதினாள். தூங்குகிற பூனையின் விலா ஏறி இறங்குவதை வாட்ச் பார்த்து எண்ணினாள்.

ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரியில் வெள்ளச்சி ஒரு தடவைகூட இருமவில்லை. டாக்டர் எங்களை அனுப்பப் பார்த்தார். உடனே கோமதி, நல்ல சுடிதாரோடு, அந்தச் சாணித் தரையில் முழங்கையை ஊன்றி, கழுத்தை நீட்டி இருமிக் காட்டினாள். சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இவ்ளோ கரெக்டா எப்படிம்மா செய்யுற?" என்றார். அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள்.

அவர் கொடுத்த குடற்பூச்சி மருந்துக்கு இருமல் நிற்காததால் அவரே சென்னைப் பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்ஸ்ரே எடுத்து, இருதயம் நன்றாக இருக்கிறது, மூச்சுக்குழாய்தான் தடித்திருக்கிறது, ஆஸ்துமா என்றார்கள். மாத்திரையில் பூனை தேறிவிட்டது.

நமக்கெல்லாம் பர்மனென்ட் ஆர்டருக்கு மெடிக்கல் டெஸ்ட் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. தனக்கும் ஆஸ்துமா என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாள், பாவி. என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டால்தான் என்ன, என் கண் எங்கே போயிற்று? தரையில் கிடந்து அவள் காட்டியது பூனையை மட்டுமா?

வெள்ளச்சி என்னிடம்தான் இருக்கிறது. அந்த நோட்டையும் நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. நேற்றுதான் அதைக் கடைசிவரை புரட்டினேன். பூனைக்கு இருமல் நின்று எட்டு மாதம் ஆகிறது. அவள் ஊருக்குக் கிளம்பிய நாள்வரை நோட்டில் இருமல் எழுதியிருக்கிறது.