எண்ணெயில் கலந்த தண்ணீர்

முத்தையா அண்ணன் இன்ஜினில் தண்ணீர் ஊற்றவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போலீசாரிடம் வேறு மாதிரிச் சொன்னேன்.

டுரியான் துங்காலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் மெக்கானிக். அவர் டிரைவர், தோட்டத்துப் பிக்கப் அவர் பொறுப்பில் இருந்தது. மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காவலர்களைத் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்றிக்கொண்டு போனதும் அந்தப் பிக்கப்தான்.

சில வாரங்களுக்கு முன் நான் அதன் இன்ஜினைத் திறந்து வால்வுகளைச் சரிசெய்திருந்தேன். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். கேஸ்கட் என்போம். எண்ணெயையும் தண்ணீரையும் நெருப்பையும் ஒன்று சேரவிடாமல் காப்பது அதுதான். ஹெட்டைக் கழற்றினால் புதிய கேஸ்கட் போட வேண்டும். மலாக்காவிலிருந்து அது வந்து சேரவில்லை, தோட்டத்து மேனேஜர் துரை அவசரப்படுத்தினார். பழையதையே துடைத்துப் போட்டேன். வண்டி ஓடிச் சூடான பிறகு போல்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதையும் செய்யவில்லை... ஏன்? சோம்பல். கௌரவமான வேறு காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

முத்தையா அண்ணன் பட்டறைக்கு வந்து சொன்னார்.

“தம்பி, ரேடியேட்டர்ல தண்ணி கொறைஞ்சுகிட்டே போவுது. கீழ ஒரு சொட்டு ஒழுகல. எங்கதான் போவுது?”

“மூடி லூசா இருக்கும்ண்ணே. பாக்கலாம்லா.”

“பின்னால வெள்ளைப் பொகையா வேற வருது...”

“நாளைக்குப் பாக்குறேன்.”

பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. திறந்தால் என் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும். அதனால் தள்ளிப் போட்டேன்.

மறுநாள் அண்ணன் காவலர்களை ஏற்றிப் போகும்போது காட்டோர மேட்டில் பிக்கப் கொதித்து நின்றுவிட்டது. அதே சமயம் கீழ்ப் பிரிவில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக் கொட்டகைக்குக் காட்டுக்காரர்கள் தீ வைத்துவிட்டார்கள். காவலர்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சாம்பல். முத்தையா வண்டியை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறான் என்று பேச்சு எழுந்தது.

போலீஸ் அதிகாரி எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார்.

“எண்ணெயில தண்ணி இருக்கு. யாராச்சும் ஊத்தியிருப்பாங்களான்னு ஐயா கேக்குறாரு.”

முத்தையா அண்ணன் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. இன்ஜின் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறானே என்ற தெம்பு...

“ஊத்தியும் இருக்கலாம்,” என்றேன்.

கைவிலங்கு மாட்டும்போது அவர் கத்தவில்லை. “தம்பி, வெவரமா சொல்லு தம்பி,” என்றார். நான் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னையே பழுது பார்க்கச் சொன்னார்கள். ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கட் ஒரு சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே கருகி விண்டு போயிருந்தது. யாரும் எதுவும் ஊற்றவில்லை என்பதற்கு அந்தத் தகடு ஒன்றே போதும். போலீஸ் நிலையத்துக்குச் சைக்கிளிலேயே கொண்டு போயிருக்கலாம். நான் அதை வெட்டித் துண்டாக்கிக் கழிவுக் கால்வாயில் போட்டேன். அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் நினைக்கவில்லை... உள்ளே ஒன்றுமே இல்லை.

புதிய கேஸ்கட் வந்தது. இரண்டு பக்கத்தையும் சுரண்டித் துடைத்தேன். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஓட்டிச் சூடாக்கி மறுபடியும் இறுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்ததில்லை.

அவருடைய மனைவி அஞ்சலை அக்கா பட்டறை வாசலுக்கு வந்தார்.

“தம்பி, இஞ்சின் சமாச்சாரம் ஒங்களுக்குத்தான் தெரியும். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நான் சொன்னா எங்க கேப்பாங்கக்கா...”

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. தடுப்பு முகாமில் வைத்திருந்து இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு போட்டார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர் அவர். அங்கே யாரைத் தெரியும் அவருக்கு? அவரை அனுப்பும் அதே கப்பலில் பினாங்கில் ஏற, குடும்பமும் கிளம்ப வேண்டியிருந்தது.

அதற்குள் டிரைவர் வேலையையும் துரை எனக்கே கொடுத்திருந்தார். ஆகவே தம்பின் ரயில் நிலையத்துக்கு அவர்களை அந்தப் பிக்கப்பிலேயே ஏற்றிப் போனேன். பிள்ளைகள் பின்னால் மூட்டைகளோடு இருந்தார்கள். அஞ்சலை அக்கா என் பக்கத்தில்.

மேடு வந்தது. வண்டி திணறவில்லை.

“நல்லா ஓடுதே தம்பி,” என்றார். “அவுரு ஓட்டுனப்ப தெனமும் தண்ணி கொறையுது, பொகை வருதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில். பாதை நீளம், கேட்க வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி இல்லை, துரை இல்லை, கிராணி இல்லை... நான் யாருக்குப் பயந்தேன்?

“இல்லக்கா,” என்றேன்.

தம்பினில் மூட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். கடைசிப் பிள்ளையைத் தூக்கி ரயிலில் விட்டேன். அஞ்சலை அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தொட்டார்.

“இவ்ளோ தூரம் கொண்டாந்து விட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும் தம்பி.”

நன்றாகத்தான் இருந்தேன். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இத்தனை காலம் தவித்தேன். கல்யாணம் செய்துகொண்டேன். மலாக்காவில் சொந்தப் பட்டறை வைத்தேன். எந்தக் கேடும் எனக்கு வரவில்லை. அவர்கள் கரை இறங்கினார்களா, எந்த ஊரில் இருந்தார்கள், எதுவும் தெரியாது.

நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.