சீமெந்துத் தாளில் ஒரு கழுத்து

சீமெந்துப் பையின் தாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கழுத்து. பையைக் கிழித்து, மடிப்புப் போக மெத்தைக்கு அடியில் வைத்தெடுத்த தாள் அது. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வீட்டுச் சுவர் முழுக்க அந்த வருடம் கழுத்துகள்தாம் தொங்கின. அவற்றைக் கீறியவள் என் மூத்தவள், ராத்தா. பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ரொக்கோகோ பாணிப் பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் முன்வரைவுகளை அவள் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். பட்டும் பூந்தோட்டமும் காதலருமாக, விளையாட்டாகத் தீட்டியதுபோலத் தெரியும் ஓவியங்கள். அந்த விளையாட்டுக்குப் பின்னால் எவ்வளவு பாடு என்று காட்ட நினைத்தாள். மேற்பார்வையாளருக்குத் தலைப்புப் பிடிக்கவில்லை. மூலத்தைக் காணாமல் என்ன ஆய்வு, பக்கத்தில் நெசவுக்குப் பேர்போன மருதமுனை இருக்கிறது, கைத்தறியை எழுதுங்கள் என்றார். தலைப்பை முடிவுசெய்யும் கூட்டம் வரை தவணை கொடுத்தார். "எங்கட பக்கத்துப் புள்ளையெண்டா தறியத்தான் எழுதோணுமா?" என்று வீட்டில் வந்து பொரிந்தாள். எனக்கும் கோபம்தான், அவள் பிடிவாதத்தின் மேலும் சேர்த்து.

முன்வரைவுகளை அவள் பார்த்தது கைப்பேசித் திரையில். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று நிறச் சுண்ணக்கட்டிகளால் கீறியவை. எந்த நிறம் முதலில் பட்டது என்று திரை சொல்லவில்லை. ஆகவே கீறிப் பார்க்க இறங்கினாள். சிவப்புக்கு உடைந்த கூரையோட்டுத் துண்டு, கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குப் பள்ளிக்கூடத்து வெண்கட்டி. "கூரைய முடிச்சிட்டுத்தான் புள்ள பட்டம் எடுப்பா" என்று வாப்பா சிரித்தார். கரியை முதலில் இட்டால் மேலே வரும் சிவப்பு அழுக்கானது. சிவப்பில் தொடங்கினால், திரையில் கண்டதுபோல இரண்டும் தெளிவாக நின்றன. ஓவியர் கழுத்தைச் சிவப்பில் தேடியிருக்கிறார், தப்பிய கோடுகளை அழிக்காமல் விட்டு, சரியானதைக் கண்ட பிறகே கறுப்பைத் தொட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

கூட்டத்தன்று தாள்களைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நானும் போய் மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

"மூலத்தைப் பார்த்ததுண்டா?" என்றார் தலைமை தாங்கிய பேராசிரியர்.

"இல்ல சேர். கீறிப் பார்த்தன்" என்ற ராத்தா, அழுக்கான கழுத்துகளையே முதலில் விரித்தாள். சிவப்பில் தொடங்கியவற்றை அடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள். பேராசிரியர் எழுந்து வந்து, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "தலைப்பு இப்படியே இருக்கட்டும்" என்றார்.

இன்று அந்த மண்டபத்தில் தலைப்புகளை முடிவுசெய்பவர்களில் ராத்தாவும் ஒருத்தி. அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் கல்முனை வந்ததும் நான்தான் கேட்டேன்.

"வேணாமெண்டிருந்தா என்ன செஞ்சிருப்பாய் ராத்தா?"

"என்ன செய்யிற? ஊட்டுக்குப் போய்த் திரும்பக் கீறியிருப்பன்."